எத்தனை நிமிஷம்?

"இரண்டில் ஒன்றை எடுத்துவிட்டால் என்னம்மா? அதுதான் இன்னொன்று இருக்கிறதே!" என்றார் டாக்டர்.

"வளையலா டாக்டர், ஒண்ணு உடைஞ்சா இன்னொண்ணு போதும்னு இருக்க?" என்று என் மாமியார் பட்டென்று கேட்டுவிட்டார். டாக்டர் அதை ரசித்ததாகத் தெரியவில்லை.

அத்தைக்கு அறுபத்து நாலு வயது. இருபது வருஷமாகச் சர்க்கரை வியாதி. பித்தப்பையில் கல் இருக்கிறதா என்று பார்க்க எடுத்த ஸ்கானில், யாருமே தேடாத இடது சிறுநீரகத்தில் 3 சென்டிமீட்டர் கட்டி ஒன்று அகப்பட்டது. வலி இல்லை, ஜுரம் இல்லை. புற்று நோயாகத்தான் இருக்கும் என்றார்கள். பூந்தமல்லியிலிருந்து சென்னீர்குப்பம் வந்து சேரும்வரை ஆட்டோவில் நாங்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொள்ளவில்லை.

இரவு சாப்பாடு ஆனதும் அத்தை சொன்னார்: "நீதான் பத்திரிகையிலே எழுதறவளாச்சே, படிச்சுப் பார்த்துச் சொல்லு. சர்க்கரைக்காரிக்கு மிச்சம் இருக்கிற ஒண்ணு எத்தனை நாள் தாங்கும்?"

படித்தேன். ஒரு வாரம் தூக்கம் போயிற்று.

ஒற்றைச் சிறுநீரகத்தோடு மனுஷர் உயிர் வாழலாம் என்பதே 1869-ல்தான் ருசுவாயிற்றாம். ஜெர்மனியில் ஹைடல்பர்க் நகரத்து டாக்டர் குஸ்தாவ் சைமன், முதலில் நாய்களிடம் பரீட்சை செய்துவிட்டு, ஒரு பெண்மணியின் சிறுநீரகம் ஒன்றை எடுத்தார். அவள் பிழைத்துக்கொண்டாள். அவளுக்கு வந்தது புற்று நோய் அல்ல, வேறு கோளாறு. 1960-களில் டொரான்டோவைச் சேர்ந்த ராப்ஸன், புற்று நோய் என்றால் சிறுநீரகத்தைச் சுற்றியுள்ள கொழுப்போடு சேர்த்து முழுசாக எடுக்க வேண்டும் என்று எழுதினார். வெகு காலம் அதுவே சட்டமாக இருந்தது.

2006-ல் நியூயார்க் டாக்டர்கள் 662 பேரின் கணக்கை வெளியிட்டார்கள். எல்லாம் 4 சென்டிமீட்டருக்கு மேற்படாத கட்டிகள். கட்டியை மட்டும் வெட்டி எடுத்தவர்களில், மூன்று வருஷத்துக்குப் பிறகும் சிறுநீரகத்தின் சக்தி அபாய அளவுக்கு இறங்காமல் இருந்தவர்கள் நூற்றுக்கு 80 பேர். முழுசாக எடுத்தவர்களில்? 35 பேர்தான்! எனக்குக் கை நடுங்கியது. ஆனால் 541 பேரை வைத்து நடத்தி 2011-ல் வெளியிட்ட சோதனையில், முழுசாக எடுத்ததால் ஆயுள் குறைந்ததாகத் தெரியவில்லை. ஆகவே முதல் டாக்டரைக் குற்றம் சொல்ல மாட்டேன். எங்களுக்குக் கொஞ்சம் பொறுமையாக விளக்கியிருக்கலாம் என்பதுதான் என் குறை.

"அப்போ கட்டியை மட்டும் எடுக்கச் சொல்லேன்!" என்றார் அத்தை.

அதில்தான் சங்கடம். சிறுநீரகத்தில் கத்தி பட்டால் ரத்தம் பீறிடும். அதனால் ரத்தக் குழாயைக் கவ்வி மூடிவிட்டுத்தான் வெட்டுகிறார்கள். மூடி வைத்திருக்கும் ஒவ்வொரு நிமிஷமும் நல்ல பாகமும் சேர்ந்து பட்டினி கிடக்கும்.

"மாடித் தொட்டி வால்வை மூடிட்டுக் குழாய் ரிப்பேர் பண்ற மாதிரி, அத்தை."

"அதுக்குள்ளே என் துளசி வாடிப் போகும்."

அவ்வளவுதான், விஷயம் புரிந்துவிட்டது!

நான் படித்தவர்களில் என் மனசில் நின்றவர் இந்தர்பீர் சிங் கில். பஞ்சாபில் மருத்துவம் படித்து அமெரிக்கா போனவர். வயிற்றைப் பெரிதாகக் கிழிக்காமல், சிறு துவாரங்கள் வழியே கருவியைச் செலுத்திக் கட்டியை எடுப்பதில் பேர் பெற்றவர். 2007-ல் அவரும் சகாக்களும் 1,800 ஆபரேஷன்களை ஒப்பிட்டுப் பிரசுரித்தார்கள். துவார முறையில் 771, பழைய முறையில் 1,029. புதிய முறையில் நோயாளி சீக்கிரம் வீடு திரும்பினார். ஆனால் ரத்தக் குழாயை மூடியிருந்த நேரம் சராசரி 30.7 நிமிஷம். பழைய முறையிலோ 20.1 நிமிஷம்தான். பின்னால் வரும் உபத்திரவங்களும் புதியதில்தான் ஜாஸ்தி.

தம் கைமுறையின் குறையைத் தாமே அச்சில் போட்டிருக்கிறார்! எங்கள் தொழிலில் பிழை நேர்ந்தால், 'திருத்தம்' என்று கடைசிப் பக்கத்தில் பொடி எழுத்தில் போடுவதுதான் சம்பிரதாயம். அவர் அந்தப் பத்து நிமிஷத்தை விடவும் இல்லை. ரத்த அழுத்தத்தைச் சற்று நேரம் தாழ்த்தி, கட்டிக்குப் போகும் சின்னக் கிளைகளை மட்டும் அடைத்து, பெரிய குழாயை மூடாமலே 15 பேருக்குச் செய்து பார்த்து 2011-ல் எழுதினார்.

இரண்டாவதாக ஒரு டாக்டரைப் பார்த்தோம். கட்டி இருக்கும் இடம் கோணலானது, வயிற்றைத் திறந்து பழைய முறையில் செய்தால்தான் எனக்குக் கை படியும், நேரமும் குறையும் என்றார். அத்தை யோசிக்காமல் தலையாட்டினார்.

மயக்கம் தெளிந்ததும் எங்கள் யாரையும் தேடவில்லை. டாக்டரைப் பார்த்து ஈனஸ்வரத்தில், "எத்தனை நிமிஷம் மூடினீங்க?" என்றார்.

டாக்டர் என்னைத் திரும்பிப் பார்த்தார். பிறகு, "பதினெட்டு, அம்மா" என்றார்.

"பரவாயில்லை" என்று அத்தை கண்ணை மூடிக்கொண்டார். உடனே திறந்து, "துளசிக்கு யாராவது தண்ணி ஊத்தினீங்களா?" என்றார் என்னிடம்.

நான் ஊற்றியிருக்கவில்லை.