சுண்ணாம்பு தடவின பீர்

தலைப்பைப் பார்த்துட்டு ஓடி வந்த ஹாஸ்டல் மக்களே, மன்னிக்கவும். இது பதநீர் பத்தி. (கொஞ்சம் பீரும் உண்டு, போயிடாதீங்க.)

ஜெர்மனிக்காரங்களுக்கு இலையுதிர் காலத்துக்குன்னே ஒரு பீர் இருக்கு. பேரு மேர்ட்சன், அதாவது மார்ச் மாசத்து பீர். 1553-ல பவேரியாவுல ஒரு உத்தரவு போட்டாங்க: ஏப்ரல் 23-லேர்ந்து செப்டம்பர் 29 வரைக்கும் யாரும் பீர் காய்ச்சக் கூடாது. வெயில்ல கெட்டுப் போயிடுமாம். அதனால மார்ச்சுலயே கொஞ்சம் காட்டமா காய்ச்சி, ஜில்லுனு இருக்கற நிலவறையில வச்சு, மிச்சம் இருக்கறதை இலையுதிர் காலத்துல காலி பண்ணுவாங்க.

நம்ம துறையூர்ல இலையுதிர் காலமாவது ஒண்ணாவது! வெயில், இன்னும் வெயில், அப்புறம் ஐப்பசி மழை. ஆனா இந்த வெயிலுக்குன்னே பனை மரம் ஒண்ணு தருது பாருங்க. மாசி, பங்குனியில பாளை விட்டதும் பனையேறி மேலே ஏறி, பாளையை இடுக்கி, நுனியைச் சீவி, கலயத்தைக் கட்டிட்டு வருவார். ஒரு நாள் சீவலைன்னா பாளை காய்ஞ்சிடும். அதனால காலையில ஒரு தடவை, சாயங்காலம் ஒரு தடவை, ஒவ்வொரு மரமா.

விஷயமே அந்தக் கலயத்துக்குள்ளதான் இருக்கு. உள்ளே சுண்ணாம்பு தடவியிருந்தா காத்துல வர்ற ஈஸ்ட்டால ஒண்ணும் பண்ண முடியாது, இனிப்பு இனிப்பாவே நிக்கும். அதான் பதநீர். சுண்ணாம்பு இல்லேன்னா சில மணி நேரத்துல புளிச்சு நுரைச்சுக் கள்ளாயிடும். தமிழ்நாட்டுல 1987 ஜனவரி 1-லேர்ந்து கள்ளுக்குத் தடை. ஒரே மரம், ஒரே ஆள், ஒரே கலயம். சுண்ணாம்பு இருந்தா வியாபாரம், இல்லேன்னா கேஸ்! பாலக்காடு பக்கம் போனா அதே கள்ளை லைசென்ஸ் வாங்கி விக்கறாங்க. இங்க அரசாங்கமே 2003-லேர்ந்து டாஸ்மாக் கடையில பிராந்தி விக்குது. என்ன கணக்கோ, எனக்கு விளங்கலை.

பெரம்பலூர் ரோட்டோரம் ஒரு தாத்தா டிவிஎஸ் 50-ல குடத்தைக் கட்டிட்டு வருவார். "கள்ளு இருக்கா தாத்தா?"ன்னு பசங்க கிண்டலாக் கேட்டா அவருக்குக் கோவம் வந்துடும். "இதைக் கேட்டுத்தான்யா போலீஸும் வர்றான், மோந்து பாக்கறான், போறான்" என்பார். முன்னே நாப்பது மரம் ஏறினவர், இப்ப பதினொண்ணு. பையன் திருப்பூர்ல பனியன் கம்பெனியில இருக்கான். மரம் ஏற வரமாட்டான், அவரும் கூப்பிடலை. "முட்டி போனா யாருப்பா பாக்கறது?" அவ்வளவுதான் சொல்வார். பனைதான் நம்ம மாநில மரம், பாடப் புத்தகத்துல படிச்சிருக்கோம். ஏற ஆள் இல்லாம அது சும்மா நிக்கப் போகுது.

காலை ஏழு மணிக்குள்ள போனா கிடைக்கும். பெட் பாட்டில் எல்லாம் தூக்கிட்டுப் போகாதீங்க. பனை ஓலைப் பட்டையில ஊத்தி, ரெண்டு நுங்கை நசுக்கிப் போட்டுத் தருவார். அங்கேயே நின்னு குடிச்சிடுங்க.