யாரும் கேட்காத இசை

ஹைதராபாதில் ஒரு தங்கும் விடுதியின் வரவேற்புக் கூடத்திற்குப் பியானோ இசைத் தொகுப்பு ஒன்றைத் தெரிவுசெய்து தருமாறு அண்மையில் என்னிடம் வேண்டினர். இசையை ஊன்றிக் கேட்பதே என் ஆய்வுப் பணி. அவர்களுக்கு வேண்டியதோ எவரும் கவனியாத இசை.

எரிக் ஸாட்டி 1920இல் பாரிஸில் இதையே முயன்றார். நாற்காலி, மேசைபோல் அறையில் இருக்கவேண்டிய அதற்கு ‘அறைகலன் இசை’ என்று பெயர். இசை எழுந்ததும் வந்திருந்தோர் பேச்சை நிறுத்திச் செவிசாய்த்துவிட்டனர். பேசுங்கள், நடமாடுங்கள் என்று ஸாட்டி அவர்களைத் தூண்டவேண்டியதாயிற்று!

ஆகவே இப்பணியில் பெரும்பகுதி விலக்குவதுதான். ஷோப்பனின் நாக்டர்ன்கள் மென்மைக்குப் பேர்போனவை. எனினும் சி மைனரில் அமைந்த 48ஆம் படைப்பு நடுவில் புயலாய் எழும். அறைச்சாவி வாங்குபவர் திடுக்கிடுவார். ஸாட்டியின் ஜிம்னோபெடி மூன்றும் (1888) உறுத்தாதவை. அவர் 1925இலேயே மறைந்தவர். ஆயினும் ஒலிப்பதிவுக்கு, அது வெளியானதிலிருந்து 60 ஆண்டுகள் தனியுரிமை உண்டு. உரிமத்தொகை கட்டவேண்டும் என்பதை நிர்வாகம் எளிதில் ஏற்கவில்லை.

விருந்தினர் அக்கூடத்தில் பத்து நிமிடம் இருப்பார். வரவேற்பு மேசையில் நிற்கும் பெண்ணுக்கோ எட்டு மணிநேரப் பணி. பழைய தொகுப்பு 40 நிமிடம். அதாவது நாளொன்றுக்குப் பன்னிரண்டு முறை. உறக்கத்திலும் அது ஒலிப்பதாக அவர் சொன்னார். யாரும் கேட்காத இசையை அவர் ஒருவர் முழுமையாகக் கேட்டிருக்கிறார்.

ஒன்பது மணிநேரத் தொகுப்பும், ஒலியளவைக் குறைக்கும் குமிழ் அவர் கைக்கெட்டுமிடத்தில் இருக்கவேண்டும் என்ற குறிப்பும் கொடுத்தேன். தொகுப்பை ஏற்றார்கள். குமிழ் இன்னும் மேலாளர் அறையில்தான் இருக்கிறது.