மார்சேயில் ஏற்றிய மெழுகுதிரி

எமது பெண்களுக்குப் பயணம் என்றாலே இடம்பெயர்வுதான் நினைவுக்கு வரும். மூட்டையைக் கட்டிக்கொண்டு ஓடியதைத் தவிர, ஊர் பார்க்கவென்று போன அனுபவம் எங்களில் பலருக்கு இல்லை. எனக்கும் முப்பத்தைந்து வயதில்தான் அந்த வாய்ப்புக் கிடைத்தது.

பாரிசில் வசிக்கும் சின்னம்மா அழைத்ததன் பேரில் கடந்த வருடம் பிரான்ஸ் சென்றிருந்தேன். தெற்குக் கரையிலுள்ள மார்சேய் நகரத்திற்கு இருவரும் கடுகதி ரயிலில் புறப்பட்டோம். மூன்றரை மணித்தியாலப் பயணம். நிலையத்தை விட்டு வெளியே வந்ததும் 104 படிகள் நகரத்துள் இறங்குகின்றன. முழங்கால் நோவோடு சின்னம்மா ஒவ்வொன்றாக இறங்கினார்.

மார்சேய் ஏறக்குறைய 2600 வருடப் பழைமை வாய்ந்தது. அதன் தோற்றம் பற்றி ஒரு கதை உண்டு. கிரேக்க மாலுமிகள் வந்திறங்கிய நாளில், அவ்வூர்த் தலைவனின் மகள் ஜிப்டிஸ் கணவனைத் தெரிவுசெய்யும் விருந்து நடந்ததாம். விரும்பியவனிடம் அவள் கிண்ணத்தைக் கொடுக்க வேண்டும். அந்நியனாகிய புரோட்டிஸிடம் கொடுத்தாள். அவர்களுக்குக் கிடைத்த நிலத்தில் நகரம் எழுந்தது. ஒரு பெண்ணின் தெரிவில் பிறந்த ஊர் என்பதால் அக்கதை எனக்குப் பிடித்துக்கொண்டது.

பழைய துறைமுகத்தில் காலையில் மீன் விற்கிறார்கள். விற்க முடியாத பாறைமீன்களைப் போட்டு மீனவர்கள் காய்ச்சிய 'புயாபெஸ்' இன்று உணவகங்களில் விலைகூடிய சாப்பாடு. விலைப்பட்டியலைப் பார்த்துவிட்டு, கட்டிக்கொண்டு போன புளிச்சோற்றை அங்கிருந்த வாங்கிலில் இருந்து சாப்பிட்டோம்.

அந்தத் துறைமுகத்தின் வடகரையில் நிற்பவை புதிய கட்டடங்கள். 1943 ஜனவரியில் ஜேர்மன் படையினரும் பிரெஞ்சுப் பொலிசாரும் அங்கிருந்த ஏறத்தாழ 20,000 பேரை வெளியேற்றினார்கள். கையில் எடுத்ததோடு மக்கள் முகாமுக்குக் கொண்டு செல்லப்பட்டனர். நூற்றுக்கணக்கான யூதர்கள் கொலை முகாம்களுக்கு அனுப்பப்பட்டனர். பின்னர் ஏறக்குறைய 1,500 கட்டடங்களை வெடிவைத்துத் தகர்த்தார்கள். உயிர்தப்பியவர்கள் சார்பில் கொடுக்கப்பட்ட முறைப்பாட்டின் பேரில் 2019 இல்தான் பாரிசில் விசாரணை தொடங்கியது. 76 வருடங்கள்! அதுவரை கேட்டுக்கொண்டே இருந்திருக்கிறார்கள்.

மறுநாள் 60 ஆம் இலக்கப் பேருந்தில் ஏறி, குன்றின் மேலுள்ள நோத்ர டாம் த லா கார்த் ஆலயத்துக்குப் போனோம். 1864 இல் திறக்கப்பட்டது. கோபுரத்தின் மேல் 11 மீற்றர் உயரமான பொன்முலாம் பூசிய மாதா. ஊரவர்கள் அவரை 'நல்ல தாய்' என்றே அழைக்கிறார்கள். உள்ளே கூரையிலிருந்து சிறிய மரக் கப்பல்கள் தொங்குகின்றன. சுவரெல்லாம் சலவைக்கற்கள். புயலில் தப்பி வந்தவர்களும் அவர்களது குடும்பங்களும் வைத்த நேர்த்திகள். பல கற்களில் 'நன்றி' என்ற சொல் இருக்கிறது.

வந்து சேர்ந்தவர்களுக்குக் கல் இருக்கிறது. வராதவர்களின் பெண்கள் எதைக் கொண்டுவந்து வைத்திருப்பார்கள்? நான் ஒரு மெழுகுதிரி ஏற்றினேன்.

"யாருக்குப் பிள்ளை?" என்று சின்னம்மா கேட்டார்.

"அண்ணாவுக்கு."

2009 இல் காணாமற்போனவர் என் அண்ணா.

"வரவேணும் எண்டோ, ஆத்மசாந்திக்கோ?"

என்னால் பதில் சொல்ல முடியவில்லை. சின்னம்மாவும் பிறகு கேட்கவில்லை. என் கையைப் பிடித்துக்கொண்டு கடலைப் பார்த்தபடி நின்றார்.

ஊர் திரும்பியபின் அந்தக் கேள்வி என்னை விடவில்லை. ஏனெனில் அதே கேள்வியை நான் என் வேலையில் எத்தனையோ பெண்களிடம் கேட்டிருக்கிறேன். மரணச் சான்றிதழ் எடுப்பதா, 2016 இல் சட்டமாக்கப்பட்ட காணாமற்போனமைச் சான்றிதழ் எடுப்பதா என்று படிவத்தைக் கையில் வைத்துக்கொண்டு, "ஒண்டைத் தீர்மானியுங்கோ அக்கா" என்று அவசரப்படுத்தியிருக்கிறேன். சமூகவியல் படித்த எனக்கு, என் அண்ணாவுக்கு ஏற்றிய ஒரு திரிக்குக் காரணம் சொல்லத் தெரியவில்லை.

இப்போது எவரையும் நான் அவசரப்படுத்துவதில்லை. இரண்டு சான்றிதழ்களின் பயனையும் விளக்கிச் சொல்கிறேன். "யோசிச்சுச் சொல்லுங்கோ, அடுத்த மாதமும் வருவன்" என்று சொல்லிவிட்டு, அவர்கள் தரும் தேநீரைக் குடித்துவிட்டு வருகிறேன்.

சகோதரிகளே, முடிவெடுக்கும் நேரம் உங்களுடையது. அதற்காக எவரிடமும் மன்னிப்புக் கேட்க வேண்டியதில்லை.