கேலக்ஸி நெக்சஸும் 1380 மில்லிவோல்ட்டும்

2011 நவம்பரில் கேலக்ஸி நெக்சஸ் என்ற போன் விற்பனைக்கு வந்தது. கூகுளுக்காக சாம்சங் செய்த போன். ஆண்ட்ராய்டு 4.0 முதன்முதலில் வந்ததும் இதில்தான். உள்ளே இருந்தது டெக்சாஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸ் நிறுவனத்தின் ஓமேப் 4460 என்ற சிப். இதை 1.5 கிகாஹெர்ட்ஸ் வரை ஓட்டலாம் என்று சிப் செய்தவர்களே அறிவித்திருந்தார்கள். ஆனால் இந்தப் போனில் அது 1.2 கிகாஹெர்ட்ஸோடு நின்றுவிடும். படம் வரையும் பகுதியான ஜிபியு கதையும் அதேதான். 384 மெகாஹெர்ட்ஸ் வரை போகக்கூடியதை 307-ல் கட்டிப் போட்டிருந்தார்கள்.

காசு கொடுத்து வாங்கிய பொருளில் ஐந்தில் ஒரு பங்கு வேகம் உள்ளேயே தூங்குகிறது என்று தெரிந்தால் யார்தான் சும்மா இருப்பார்கள்? இருக்கவில்லை!

இது புதுக்கதையும் இல்லை. 2008-ல் வந்த முதல் ஆண்ட்ராய்டு போனான எச்டிசி ஜி1-ல் 528 மெகாஹெர்ட்ஸ் சிப்பை ஆரம்பத்தில் 384-ல்தான் ஓட்டினார்கள். எல்ஜி ஆப்டிமஸ் ஒன்னில் 600-ல் ஓடிய குவால்காம் எம்எஸ்எம்7227 வகைச் சிப், சாம்சங் கேலக்ஸி ஏஸில் 800-ல் ஓடியது. பெயர் ஒன்று, வேகம் இரண்டு. அப்படியானால் வேகம் என்பது சிப்போடு கூடவே பிறப்பது மட்டுமல்ல, யாரோ ஒருவர் உட்கார்ந்து முடிவு செய்யும் எண்ணும்கூட. அந்த முடிவை மாற்றிப் பார்க்கக் கிளம்பியவர்களின் கதைதான் ஓவர்கிளாக்கும் அண்டர்வோல்ட்டும்.

அந்த எண் எங்கே இருக்கிறது?

கெர்னலில். திரையில் தெரியும் செயலிகளுக்கும் அடியில் இருக்கும் சிப்புக்கும் நடுவே நிற்பது லினக்ஸ் கெர்னல். எந்த நேரத்தில் சிப் எந்த வேகத்தில் ஓட வேண்டும், அதற்கு எவ்வளவு வோல்ட் கொடுக்க வேண்டும் என்பதை அந்த நாள் போன்களில் பார்த்துக்கொண்டது இதுதான். கேலக்ஸி நெக்சஸில் அதற்கான அட்டவணை நான்கே வரி. 350 மெகாஹெர்ட்ஸுக்கு ஏறக்குறைய 1025 மில்லிவோல்ட். 700-க்கு 1200. 920-க்கு 1315. 1200-க்கு 1380. அவ்வளவுதான்.

லினக்ஸ் ஜிபிஎல் என்ற உரிமத்தில் வருகிறது. அதன்படி, கெர்னலை வைத்துப் போன் விற்பவர் அந்தக் கெர்னலின் மூலநிரலையும் கொடுத்தாக வேண்டும். கொடுத்தார்கள். படிக்கத் தெரிந்தவர்கள் அதை எடுத்து, அட்டவணையில் ஐந்தாவது வரி சேர்த்தார்கள்: 1350, 1500 என்று. வோல்ட்டைப் பயனரே மாற்றிக்கொள்ளும் வசதியையும் சேர்த்துப் புதுக் கெர்னலாகக் கட்டி இலவசமாகக் கொடுத்தார்கள். பூட்லோடரைத் திறந்து (திறந்த உடனே போனில் இருந்த அத்தனையும் அழிந்துவிடும்), ரெகவரி வழியாக அந்தக் கெர்னலை ஏற்றி, செட்சிபியு மாதிரி ஒரு செயலியைப் போட்டால் முடிந்தது. வேகமும் வோல்ட்டும் விரல் நுனியில்.

கணக்கு என்ன சொல்கிறது?

சிப் வேலை செய்யும்போது தின்னும் மின்சாரம் இரண்டு விஷயங்களைப் பொறுத்தது. வேகம் இரண்டு மடங்கானால் செலவும் இரண்டு மடங்கு. ஆனால் வோல்ட் இரண்டு மடங்கானால் செலவு நான்கு மடங்கு, அதாவது வோல்ட்டின் வர்க்கம். எல்லாச் சூட்சுமமும் இந்த வர்க்கத்தில்தான் இருக்கிறது.

1200-ல் இருந்து 1500-க்குப் போனால் வேகம் 25 சதவீதம் கூடும். ஆனால் அந்த வேகத்தில் சிப் தடுமாறாமல் இருக்க வோல்ட்டையும் ஏற்ற வேண்டி வரும். 1380-ஐ 1450 ஆக்கினால் மொத்தச் செலவு கிட்டத்தட்ட 38 சதவீதம் கூடிவிடும். 25 சதவீத வேகத்துக்கு 38 சதவீத மின்சாரம், அதற்கேற்ற சூடு. சட்டைப்பையில் வைக்கும் பொருளில் விசிறி கிடையாது. சூடு ஒரு அளவைத் தாண்டினால் கெர்னலே வேகத்தைக் குறைத்துவிடும். கூட்டியதைத் திரும்ப வாங்கிக்கொள்ளும் கணக்கு!

இதையே திருப்பிப் போட்டுப் பார்க்கலாம். 1200-லேயே விட்டுவிட்டு, 1380-ஐ 1280 ஆக மட்டும் குறைத்தால்? வேகத்தில் ஒரு துளி இழப்பு இல்லை. செலவு மட்டும் 14 சதவீதம் குறையும். இதுதான் அண்டர்வோல்ட். ஓவர்கிளாக் செய்தவன் பெஞ்ச்மார்க் எண்ணைப் படம் பிடித்து நண்பர்களிடம் காட்டலாம். அண்டர்வோல்ட் செய்தவனிடம் காட்ட எதுவும் இருக்காது. கன்னத்தில் வைத்தால் போன் கொஞ்சம் குளிர்ந்திருக்கும், அவ்வளவுதான். ஆனாலும் இரண்டில் கெட்டிக்காரத்தனமான வேலை இரண்டாவதுதான்.

அப்படியானால் ஏன் கம்பெனியே குறைத்து அனுப்பவில்லை?

இங்கேதான் விஷயம் இருக்கிறது. ஒரே சிலிக்கான் தட்டில் இருந்து வெட்டி எடுத்த சிப்புகள்கூட ஒன்றைப் போல ஒன்று இருப்பதில்லை. இட்லிக் கொப்பரையில் மாவு ஒன்று, ஆவி ஒன்று, ஆனாலும் நடுக்குழி இட்லியும் ஓரக்குழி இட்லியும் கொஞ்சம் வித்தியாசப்படும் இல்லையா, அது மாதிரி. ஒரு சிப் 1250 மில்லிவோல்ட்டிலேயே 1.2 கிகாஹெர்ட்ஸ் ஓடும். இன்னொன்று 1350 கேட்கும். லட்சக்கணக்கில் விற்கும் கம்பெனி பலவீனமான சிப்பை மனதில் வைத்துத்தான் எண்ணை எழுத முடியும். அதோடு வெயில் நாடு, குளிர் நாடு, பழசாகிப்போன பேட்டரி, சில வருட உழைப்பு எல்லாவற்றுக்கும் சேர்த்துக் கொஞ்சம் தாராளமாகவே எழுதுவார்கள்.

வளரும் பையனுக்குக் கால்சட்டை தைக்கும் தையல்காரர் உள்ளே கொஞ்சம் துணியை மடித்து விடுவார். அந்தத் துணி வீணாகவில்லை, பின்னால் தேவைப்படும் என்று விட்டது. 1380-க்குள் மடித்து வைத்திருந்ததும் அப்படிப்பட்ட துணிதான். அண்டர்வோல்ட் செய்பவன் தையலைப் பிரித்துத் தன் சிப்புக்கு எவ்வளவு துணி மிச்சம் என்று அளந்து பார்க்கிறான். கம்பெனிக்கு எல்லாச் சிப்பையும் பற்றித் தெரியும். அவனுக்குத் தன் ஒரு சிப்பைப் பற்றி மட்டும்தான் தெரிய வேண்டும். அதனால்தான் அவனால் கம்பெனியை விடக் குறைவாக எழுத முடிந்தது. அதே காரணத்தால்தான் பக்கத்து அறை நண்பனின் எண்ணைக் காப்பியடித்தவன் மாட்டிக்கொண்டான். அந்த எண் நண்பனின் சிப்புக்கு உரியது!

எங்கே உடையும்?

முறையாகச் செய்தவர்கள் 25, 25 மில்லிவோல்ட்டாக இறங்கினார்கள். ஒவ்வொரு படியிலும் சிப்பை முழு வேகத்தில் வேலை வாங்கிப் பார்த்து, பிறகு ஒரு நாள் சாதாரணமாக உபயோகித்து, அதன் பிறகே அடுத்த படி. போனை ஆன் செய்ததும் இந்த எண்களைத் தானாகவே போட்டுக்கொள் என்று சொல்லும் கட்டத்தில் கடைசி வரை டிக் அடிக்க மாட்டார்கள். காரணம் எளிது. டிக் அடிக்காதவனின் போன் தொங்கினால் பேட்டரியைக் கழற்றி மாட்டினால் போதும் (அப்போது கழற்ற முடிந்தது :) ), பழைய எண் திரும்ப வந்துவிடும். டிக் அடித்தவனின் போன் எழும், அதே தப்பான எண்ணைப் போடும், விழும், மறுபடி எழும்... விடிய விடிய. முன்கூட்டியே ரெகவரியில் முழு பேக்கப் எடுத்து வைத்தவனுக்கு அன்று தூக்கம் வரும்.

வேடிக்கை என்னவென்றால், பலருடைய போன் கேம் ஆடும்போது சாகவில்லை. திரையை அணைத்துப் பையில் வைத்த பிறகு செத்தது. குறைந்த வேகத்துக்கான வோல்ட்டை அளவுக்கு மீறி இறக்கியிருப்பார்கள். தூங்கிய போன் எழாது. காலை அலாரம் அடிக்காது. பரீட்சை நாளில் இது வேடிக்கையும் இல்லை.

தொங்குவதும் ரீபூட் ஆவதும் பரவாயில்லை, கண்ணுக்குத் தெரிகிற தப்பு. அதைவிட மோசம், விழாமல் தப்பாகக் கணக்குப் போடுவது. வோல்ட் விளிம்பில் இருக்கும் சிப் எப்போதாவது ஒரு பிட்டை மாற்றி எழுதிவிடலாம். அந்தப் பிட் ஒரு போட்டோவுக்குள் போகலாம், கோப்பு அமைப்புக்குள்ளும் போகலாம். மாதம் கழித்து ஒரு படம் பாதிக்கு மேல் சாம்பல் நிறமாகத் திறக்கும்போது யாரும் வோல்ட்டை நினைக்க மாட்டார்கள். அண்டர்வோல்ட் சிப்பைக் கெடுக்காது என்பது உண்மைதான். வோல்ட் ஏற்றிச் சூட்டில் ஓட்டும் ஓவர்கிளாக்தான் சிப்பை வேகமாக முதுமையாக்கும். ஆனால் சிப் பிழைத்து, உள்ளே இருந்த படம் போனால் யாருக்கு லாபம்?

கிடைத்தது எவ்வளவு?

14 சதவீதம் என்றதும் பேட்டரி 14 சதவீதம் கூடுதலாக நிற்கும் என்று நினைத்தவர்கள் ஏமாந்தார்கள். அது சிப் முழு வேகத்தில் ஓடும் நேரத்துக்கான கணக்கு மட்டும். 2010-ல் ஆரன் கரோல், கெர்னோட் ஹைசர் என்ற இரண்டு ஆய்வாளர்கள் ஓப்பன்மோக்கோ ஃப்ரீரன்னர் என்ற போனில் ஒவ்வொரு பகுதியும் எவ்வளவு மின்சாரம் எடுக்கிறது என்று தனித்தனியாக அளந்தார்கள். பெரும்பங்கைத் தின்றது திரையும் ஜிஎஸ்எம் பகுதியும். கேலக்ஸி நெக்சஸுக்கு 4.65 அங்குலத் திரை, 1750 மில்லிஆம்பியர்-அவர் பேட்டரி. மணிக்கணக்கில் வோல்ட்டைச் செதுக்கியதால் கிடைத்ததைவிட, திரை வெளிச்சத்தைப் பாதியாகக் குறைத்தவனுக்கு அதிகம் கிடைத்திருக்கும்!

அப்படியானால் எல்லாம் வீண் வேலையா? இல்லை. 2013 அக்டோபரில் ஆண்ட்ராய்டு 4.4 வந்தபோது, 18 மாதக் கெடு முடிந்துவிட்டது என்று சொல்லி கேலக்ஸி நெக்சஸை கூகுள் கைவிட்டது. வாங்கி இரண்டு வருடம்கூட முழுதாக ஆகாத போன். அதற்கும் முன்பே, 2012-ல், டெக்சாஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸ் போன் சிப் தொழிலில் இருந்து விலக ஆரம்பித்திருந்தது. ஆனாலும் அந்தப் போனில் 4.4 ஓடியது. அட்டவணையில் ஐந்தாவது வரி சேர்க்கக் கற்றுக்கொண்ட அதே கூட்டம் தங்கள் கையாலேயே ஓட வைத்தது. விளையாட்டாகக் கெர்னலைத் திறந்து பார்த்த பழக்கம், கைவிடப்பட்ட போனுக்கு ஆயுள் கொடுத்தது. அந்தப் பொழுதுபோக்கின் உண்மையான லாபம் மில்லிவோல்ட்டில் இல்லை, இதில் இருந்தது.

அதன் பிறகு கதவு இரண்டு பக்கமிருந்தும் சாத்தப்பட்டது. ஒரு பக்கம், மிச்சத் துணியைக் கம்பெனிகளே அளக்க ஆரம்பித்தன. ஓமேப் சிப்பிலேயே ஸ்மார்ட்ரிஃப்ளெக்ஸ் என்று ஒன்று இருந்தது, தன் சிப்புக்கு எவ்வளவு வோல்ட் போதும் என்று தானே பார்த்துச் சரிசெய்யும். குவால்காம் தன் சிப்புகளைப் பரிசோதித்து, எந்த ரகம் என்று உள்ளேயே எழுதி அனுப்பியது. 2018-ல் வந்த ஸ்னாப்டிராகன் 845-ல் வேகத்தையும் வோல்ட்டையும் மாற்றும் வேலை பெரும்பாலும் தனி வன்பொருளின் கைக்குப் போனது. கெர்னல் கேட்கலாம், முடிவு அங்கே. எந்த வேலையை எந்த கோருக்குக் கொடுத்தால் மின்சாரம் மிச்சமாகும் என்று பார்க்கும் அறிவும் 2019-ல் லினக்ஸ் 5.0-லேயே சேர்ந்துவிட்டது. கையால் அளப்பவனுக்கு இதில் மிஞ்சுவது மிகவும் கொஞ்சம்.

மறுபக்கம், பூட்டு. சாம்சங் 2013-ல் இருந்து நாக்ஸ் என்ற பெயரில் சிப்புக்குள் ஒரு ஃப்யூஸ் வைத்தது. வேறு கெர்னல் ஏற்றினால் அது எரியும், திரும்ப வராது. பூட்லோடர் திறந்த போனில் பல வங்கிச் செயலிகள் திறக்க மறுக்கின்றன. வோல்ட்டுக்கு ஆசைப்பட்டால் பணப்பையை மறக்க வேண்டும்.

முதல் பூட்டைக் குறை சொல்ல முடியாது. அளக்கும் வேலையை இயந்திரம் மனிதனைவிட நன்றாகச் செய்கிறது. இரண்டாவதுதான் உறுத்துகிறது. பணத்தைப் பாதுகாக்கும் பூட்டு, கெடு முடிந்த போனைக் காப்பாற்ற நினைப்பவனையும் சேர்த்தே வெளியே நிறுத்துகிறது.

இன்றும் ஆசை இருப்பவர்களுக்கு, வீட்டு அலமாரியில் தூங்கும் பத்து வருடப் பழைய போன்தான் சரியான ஆள். சிம் வேண்டாம், வங்கிச் செயலி வேண்டாம், அம்மா அப்பா போட்டோக்களை முதலில் வேறு இடத்துக்கு மாற்றிவிட வேண்டும். பிறகு 25, 25-ஆக இறங்கலாம். டிக் மட்டும் கடைசியில்!