சிவந்த மண்ணிலிருந்து வெண்மணலுக்கு – 2: பூவல் தண்ணீர்

வல்வெட்டித்துறைப் பட்டங்களைப் பற்றிச் சென்ற பகுதி முழுக்க எழுதியும், அவற்றைத் தூக்கிய காற்றுக்கு ஒரு வரிகூடக் கொடுக்கவில்லை. பிழைதான். அந்தக் காற்றின் பெயர் வாடை. தைப்பொங்கலன்று பின்னேரம் பட்டங்களை மேலே அனுப்பிய அதே வாடைதான், கரையோரமாகக் கொஞ்சம் தெற்கே, மணற்காட்டில் ஒரு தேவாலயத்தை மணலால் மூடியும் வைத்திருக்கிறது. பொங்கல் முடிந்து மூன்றாம் நாள் விடியற்காலை அதைப் பார்க்கப் புறப்பட்டோம்.

புறப்பட்டோம் என்றால் நானும் மச்சானும். மச்சான் கட்டாரில் வேலை, ஒரு மாத லீவில் வந்திருந்தான். "மணற்காட்டுக்குப் போவமா?" என்று கேட்டதும் சிரித்தான். "பதினொரு வருசமா மணலைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறன். ஊருக்கு வந்தும் மணலோ?"

அவனைக் குறை சொல்ல முடியாது. உரும்பிராயில் பிறந்த எவருக்கும் மணலைப் பற்றி உயர்ந்த அபிப்பிராயம் இருந்ததில்லை. அப்பா தோட்டக்காரர். அவருக்கு மண் என்றால் சிவப்பு. வாழையும் மரவள்ளியும் புகையிலையும் அதில்தான் வரும். அந்தக் கரைப்பக்கமான வடமராட்சி கிழக்கு என்றால் "அது வெறும் மணல்" என்று ஒரே சொல்லில் முடித்துவிடுவார். எங்கள் வீட்டுச் சுவரைப் பூசியது அந்த வெறும் மணலைக் கொண்டுதான் என்பது வேறு கதை. அதற்குப் பிறகு வருகிறேன்.

உரும்பிராயிலிருந்து கோப்பாய்க்கு ஏறி, பருத்தித்துறை வீதியில் திரும்பினால் நீர்வேலி, சிறுப்பிட்டி, புத்தூர், ஆவரங்கால் என்று செம்மண் கூடவே வரும். வல்லை வெளியில் சட்டென்று விட்டுவிடும். இரண்டு பக்கமும் உவர்நிலம், நடுவில் வீதி, நெஞ்சில் மோதுகிற காற்று. சின்ன வயதில் அப்பாவின் சைக்கிள் பாரில் இருந்து இந்த வெளியைக் கடக்கும்போது கண்ணை மூடிக்கொள்வேன். இப்போதும் மோட்டார் சைக்கிள் கொஞ்சம் ஆடியது. முனியப்பர் கோயிலடியில் நிறுத்திக் கும்பிட்டுவிட்டு, நெல்லியடியில் தேத்தண்ணி குடித்து, மந்திகை தாண்டி வல்லிபுரத்துக்கு வந்தபோது வெயில் ஏறத் தொடங்கியிருந்தது.

வல்லிபுர ஆழ்வார் கோயிலை வெறுமையாக நான் பார்த்தது இதுதான் முதல் தடவை. எனக்குத் தெரிந்த வல்லிபுரம் புரட்டாதிப் பூரணையின் வல்லிபுரம். கடல் தீர்த்தத்துக்கு அம்மம்மா என்னைக் கையில் பிடித்துக் கூட்டிக்கொண்டு வருவா. கோயிலிலிருந்து கடலுக்குப் போகிற வழியெல்லாம் மணல் மேடு. செருப்பில்லாத கால். கச்சானும் தும்பு முட்டாசும் ஐஸ்பழமும் வழிநெடுக விற்கும், ஆனால் நிற்க முடியாது. நின்றால் உள்ளங்கால் வெந்துவிடும். ஆழ்வார் கடலுக்குப் போய்ச் சேரும்போது சனம் கரை முழுக்க நிற்கும். மாதக்கணக்காகப் பெருமழை காணாத நிலம் அது. தீர்த்தம் முடிந்து கொஞ்ச நாளில் மாரி தொடங்கும். மாரிக்கு முந்தின கடைசிச் சூட்டில் அத்தனை சனமும் வெறுங்காலோடு கடலுக்குப் போவது தற்செயல் என்று நான் நினைக்கவில்லை. வயலும் தோட்டமும் காய்ந்து கிடக்கிற காலத்தில் சனம் தண்ணீரைத் தேடிப் போவதற்கு ஒரு நாள் குறித்து வைத்திருக்கிறார்கள்.

கோயிலுக்கு அருகே 1936இல் ஒரு பொன்னேடு கிடைத்தது. வசப மன்னன் காலத்தது. அதை வைத்து யார் முதலில் வந்தார்கள் என்று இன்றைக்கும் சண்டை போடுகிறார்கள். எனக்கு அந்தச் சண்டையில் ஆர்வமில்லை. இந்த மணலிலும் சனம் அவ்வளவு காலமாக இருந்திருக்கிறது என்றால், குடிக்கத் தண்ணீர் இருந்திருக்கிறது என்று அர்த்தம். அது போதும்.

மணற்காடு பேருக்கேற்ற ஊர். சவுக்கங்காடு முடிகிற இடத்தில் வெண்மணல் வடலி உயரத்துக்கும் மேலே எழுந்து நிற்கிறது. மோட்டார் சைக்கிளை அதற்குள் விடலாம் என்று நினைத்தது என் முட்டாள்தனம். பின் சில்லு பாதி புதைந்துவிட்டது. மச்சான் இறங்கி, அனுபவசாலியின் பொறுமையோடு சில்லில் காற்றைக் கொஞ்சம் திறந்துவிட்டான். பாலைவனத்தில் அப்படித்தானாம். வண்டி வெளியே வந்தது. அன்றைக்கு அவனுக்கு அதுதான் முதல் சந்தோசம்.

பழைய அந்தோனியார் தேவாலயத்தில் சுவர்கள்தான் மிச்சம். கூரை இல்லை. ஒரு பக்கத்து மணல் சுவரோடு சாய்ந்து, வாசலுக்குள்ளும் வந்திருக்கிறது. கொஞ்சத் தூரத்தில் சேமக்காலை. சில சிலுவைகளின் கை மட்டும் மேலே தெரிகிறது. இராவணன் மீசைப் புல் உருண்டைகள் காற்றில் உருண்டுகொண்டிருந்தன. மேட்டின் கடற்பக்கச் சரிவில் அடம்பன் கொடி படர்ந்து, ஊதாப் பூவோடு கிடந்தது. இந்த இரண்டும் இல்லாவிட்டால் மணல் ஓரிடத்தில் நில்லாது. வாடை கொண்டுவந்து கொட்டுவதைச் சோளகக் காற்று திருப்பி அடுக்கும், நடுவில் இந்தக் கொடி பிடித்து வைத்திருக்கும் என்று வலை பொத்திக்கொண்டிருந்த ஒரு பெரியவர் சொன்னார். 2004 டிசம்பர் 26ஆம் திகதி ஆழிப்பேரலை வந்தபோது மேடு உயர்ந்து நின்ற இடத்தில் கடல் நின்றதாம். தாழ்ந்த இடத்தால் உள்ளே வந்ததாம். அவர் அதற்கு மேல் சொல்லவில்லை, நாங்களும் கேட்கவில்லை.

மேட்டுக்குப் பின்னால், தென்னைகளுக்கு நடுவே, மச்சான் குனிந்து கையால் மணலைத் தோண்டிப் பார்த்தான். முழங்கை அளவு போனதும் நிறுத்தினான். "ஈரம்" என்றான். அந்த ஒரு சொல்லைச் சொல்லும்போது அவன் முகம் மாறியிருந்தது. கட்டாரில் வருசம் முழுக்கப் பெய்யும் மழை நூறு மில்லிமீற்றரை எட்டாது. யாழ்ப்பாணத்தில் சராசரியாக ஆயிரத்து இருநூறு அளவில் பெய்யும், அதில் பெரும்பங்கு மாரியின் மூன்று மாதத்திலேயே கொட்டித் தீர்ந்துவிடும். பார்வைக்கு இரண்டும் ஒரே மணல். அங்கே மணலுக்குக் கீழே மணல், இங்கே மணலுக்குக் கீழே போன மாரி.

பக்கத்தில் ஒரு பூவல் இருந்தது. பூவல் தெரியாத பிள்ளைகளுக்காகச் சொல்கிறேன்: மணலில் ஆள் இறங்குகிற அளவுக்குத் தோண்டிய குழி, அவ்வளவுதான். கட்டுமில்லை, துலாவுமில்லை. ஊற்று மெல்ல வந்து நிற்கும், சிரட்டையால் அள்ளுவார்கள். தண்ணீர் எடுக்க வந்த ஒரு ஆச்சி எங்களைப் பார்த்துவிட்டு, "எந்த ஊர் தம்பிமார்?" என்று கேட்டா. உரும்பிராய் என்றோம்.

"அப்ப கல்லுத் தண்ணி குடிக்கிற ஆக்கள். இதைக் கொஞ்சம் குடிச்சுப் பாருங்கோ."

குடித்தோம். தண்ணீருக்கு ருசி இல்லை என்று படித்தது பொய். எங்கள் கிணற்றுத் தண்ணீர் சுண்ணாம்புக் கல்லுக்குள்ளால் வருவது. கேத்திலின் அடியில் வெள்ளையாகப் படியும், தேத்தண்ணியின் மேலே ஆடை மாதிரி ஒன்று மிதக்கும். ஆச்சி தந்தது நாக்கில் ஒன்றையும் விட்டுப்போகாத தண்ணீர்.

கடலுக்குக் கூப்பிடு தூரத்தில் இது எப்படி நிற்கிறது? மணல் மழையை ஓட விடாமல் அப்படியே குடிக்கிறது. கீழே கடல்நீர் இருக்கிறது. நன்னீர் அதைவிடப் பாரம் குறைந்தது என்பதால் மேலே மிதக்கிறது. கணக்கு என்னவென்றால், கடல் மட்டத்துக்கு மேல் ஒரு மீற்றர் நன்னீர் நின்றால் அதன் கீழே ஏறத்தாழ 40 மீற்றர் நன்னீர் கடல்நீரை அழுத்திக்கொண்டு நிற்கும். அந்த மேல் ஒரு மீற்றரை இழந்தால் கீழேயுள்ள நாற்பதும் போகும். எங்கள் செம்மண்ணுக்கும் இதே கணக்குத்தான், நிலாவரைக் கிணற்றில் மேலே நல்ல தண்ணீரும் ஆழத்தில் உவரும் இருப்பது இதனால்தான். மணலில் இது கண்ணுக்கு முன்னால் நடக்கிறது, எங்களுக்குக் கல்லுக்குள் மறைந்து நடக்கிறது. மேடு உயர்ந்தால் குடித்த மழையைத் தேக்கி வைக்கிற இடம் கூடும். மேட்டை அள்ளினால்?

அள்ளுகிறார்கள். குடத்தனை, அம்பன் பக்கம் வீதியோரத்தில் மேடு இருந்த இடங்களில் பள்ளம் கிடக்கிறது. இரவில் உழவு இயந்திரமும் ரிப்பரும் ஓடுகிற சத்தத்தில் நித்திரை இல்லை என்று ஆச்சி சொன்னா. "எங்க கொண்டு போறாங்கள் எண்டு நினைக்கிறியள்? உங்கட பக்கந்தான்." எனக்குப் பதில் வரவில்லை. போருக்குப் பிறகு வீட்டைத் திருத்தியபோது எங்கள் வாசலில் இரண்டு லோட் அம்பன் மணல் கொட்டினார்கள். எங்கிருந்து, எந்த அனுமதியோடு என்று யாரும் கேட்கவில்லை. நல்ல மணல் என்று அப்பா கையில் அள்ளிப் பார்த்தது மட்டும் நினைவிருக்கிறது.

போத்தல் ஒன்றில் தண்ணீரை நிரப்பிக்கொண்டு தெற்கே விட்டோம். நாகர்கோவிலில் பாடசாலை வாசலில் ஒரு நிமிடம் நின்றோம். 1995 செப்டெம்பர் 22ஆம் திகதி குண்டு விழுந்த பாடசாலை. செம்பியன்பற்று, மருதங்கேணி, தாளையடி. தாளையடியில் கடல்நீரைக் குடிநீராக்குகிற நிலையம் 2024இல் திறக்கப்பட்டது. பூவல்களுக்கு நடுவே கடலைக் காய்ச்சுகிற நிலைக்கு வந்துவிட்டோம் என்று மச்சான் பகிடி விட்டான். கட்டாரில் அவன் குடிப்பதும் அந்தத் தண்ணீர்தான், ஆகவே அவனுக்கு அந்த உரிமை உண்டு. உண்மையில் தாளையடியில் காய்ச்சுவதில்லை, சவ்வுக்குள்ளால் அழுத்தி உப்பைப் பிரிக்கிறார்கள். உடுத்துறையில் ஆழிப்பேரலையில் போனவர்களின் நினைவாலயம். வெற்றிலைக்கேணி, கட்டைக்காடு தாண்டியதும் வீதி மணல் தடமாகிவிடுகிறது.

சுண்டிக்குளம் 1938இல் பறவைகள் சரணாலயமானது. 2015 ஜூன் 22ஆம் திகதி தேசியப் பூங்காவானது. பூங்கா என்றதும் வாசலும் ரிக்கெற்றும் ஜீப்பும் எதிர்பார்க்காதீர்கள். எங்களுக்குத் தெரிந்தது எல்லைக் கல், ஒரு பலகை, பிறகு வானம். போர் முடிந்தபின் படையினர் ஒரு உல்லாச விடுதி நடத்தினார்கள். தொழிலுக்குப் போகிற கரையில் எல்லைக் கல் நட்டுவிட்டார்கள் என்பது மீனவரின் மனக்குறை. அது நியாயமான குறை. பறவைக்கு இடம் விடுவதென்றால் அந்தக் கரையில் வாழ்கிறவனிடம் முதலில் கேட்டிருக்க வேண்டும்.

களப்பில் முழங்காலளவு தண்ணீர். முதலில் வெள்ளையாக ஒரு கோடு. நுரை என்றுதான் நினைத்தேன். கோடு அசைந்தது. பூநாரைகள். தலையைக் கவிழ்த்து, சேற்றைக் கலக்கிக் கலக்கி, ஒரே திசையில் நடந்துகொண்டிருந்தன. இந்தப் பக்கம் ஊசிவால் வாத்துகளும் அரிவாள் மூக்கன்களும். கூழைக்கடா ஒன்று தனியே, பென்சன் எடுத்த அதிபர் மாதிரி. ஏதோ ஒரு சத்தத்துக்கு நாரைக்கூட்டம் எழும்பியபோதுதான் நிறம் தெரிந்தது. மடித்து வைத்திருந்த சிவப்பை எல்லாம் ஒரே நேரத்தில் விரித்தன. மச்சான் போனை எடுத்தான், பற்றறி இல்லை. நல்லதாகப் போயிற்று.

இந்தக் களப்பை நன்னீராக்க ஒரு திட்டம் இருந்தது. பொறியியலாளர் ஆறுமுகம் 1954இல் முன்வைத்தது. கனகராயன் ஆறு கொண்டுவருகிற மழைநீரைக் கடலுக்கு விடாமல் சுண்டிக்குளத்தில் அணை கட்டி மறித்து, முள்ளியான் கால்வாயால் வடமராட்சிக் களப்புக்கு அனுப்பினால், காலப்போக்கில் குடாநாட்டுக் கிணறுகளின் உவர் குறையும் என்பது எண்ணம். பாதி வேலை நடந்தது. கால்வாய் முடியவில்லை, அணை உடைத்துக்கொண்டது. உரும்பிராய்த் தோட்டக்காரன் மகனாக எனக்கு அந்தத் திட்டம் வேண்டும். ஆனால் களப்பு நன்னீரானால் உவர்ச்சேற்றில் இரை தேடுகிற பூநாரைக்கு இங்கே வேலை இல்லை. அன்று பின்னேரம் அந்தக் கரையில் நின்றபோது இரண்டில் ஒன்றைச் சொல்லும் துணிவு எனக்கு வரவில்லை.

திரும்பும்போது மருதங்கேணியிலிருந்து புதுக்காட்டுச் சந்திக்கு ஏறி, கண்டி வீதியால் கொடிகாமம், சாவகச்சேரி, கைதடி, கோப்பாய். வீடு வந்தபோது எட்டு மணி. அம்மா பூவல் தண்ணீரைக் கேத்திலில் கொதிக்க வைத்தா. அப்பாவுக்கு ஒன்றும் சொல்லாமல் தேத்தண்ணியைக் கொடுத்தோம். பாதி குடித்துவிட்டு, "தேயிலை மாத்திப் போட்டியளோ?" என்று கேட்டார். இல்லை என்றா அம்மா. மிச்சத்தையும் குடித்துவிட்டுக் கோப்பையை நீட்டினார். ஒரு போத்தலில் நான்கு தேத்தண்ணிதான் வந்தது.

அடுத்த பகுதியில் நெடுந்தீவு. அதுவும் அதே 2015 ஜூன் 22இல் தேசியப் பூங்காவான இடம், குதிரைகள் நிற்கிற இடம். சுண்டிக்குளம் போக நினைப்பவர்கள் மாசி முடியுமுன் போய்விடுங்கள், அதன் பிறகு களப்பு வற்றத் தொடங்கும். போத்தல் ஒன்றுக்கு இரண்டாகக் கொண்டு போங்கள்.