பத்துக் கோழிக்கு ஒரு பிளான்

நாமக்கல்காரன் கோழியைப் பற்றி எழுத என்ன இருக்கிறது என்று நீங்கள் சிரிக்கலாம். 1997-ல் சேலத்திலிருந்து பிரிந்து தனி மாவட்டம் ஆவதற்கு முன்பே முட்டைக்குப் பேர் போன ஊர் எங்களுடையது. ஆனால் நண்பர்களே, கூண்டில் நிற்கும் ஆயிரம் வெள்ளைக்கோழி வேறு, வாசலில் மேயும் பத்து நாட்டுக்கோழி வேறு!

எங்க அம்மா எட்டு வருஷம் ஒரு கோழிப்பண்ணையில் முட்டை பொறுக்கினார்கள். அங்கே வேலை செய்கிறவர்கள் வீட்டில் கோழி வளர்க்கக் கூடாது. நோய் காலோடு ஒட்டி வந்துவிடும் என்பதால் நியாயமான கட்டுப்பாடுதான். இப்போது முழங்கால் வலியால் அம்மா நின்றுவிட்டார்கள். சம்பளமும் நின்றுவிட்டது. "நமக்குன்னு ஒரு பத்துக் கோழி வெச்சா என்ன கண்ணு?" என்று கேட்டார்கள். வீட்டில் முதல் டிப்ளமோ நான்தானே... பிளான் போடும் பொறுப்பு என் தலையில்!

முதல் எதிரி வெயில். சித்திரையில் இங்கே 40 டிகிரியைத் தொடும். கோழிக்கு வியர்வைச் சுரப்பி கிடையாது. வாயைத் திறந்து மூச்சு வாங்கித்தான் சூட்டை வெளியேற்ற வேண்டும். அதனால் கொட்டகையின் நீளம் கிழக்கு மேற்காக இருக்கும். காலை, மாலைச் சாய்வெயில் குறுகிய பக்கத்தில்தான் விழும். பகலில் மேயப் போகிற ஜாதி, ராத்தங்கலுக்கு 6 அடிக்கு 4 அடி போதும். அப்பா பழைய தகரம் கிடக்குதே என்றார். சித்திரை மத்தியானம் தகரத்துக்கு அடியில் நின்றவர்களுக்குத்தான் தெரியும்! அதன்மேல் தென்னங்கீற்று வேய்வது என்று சமாதானமானோம். தண்ணீர் மண்சட்டியில், வேப்பமர நிழலில். தீனி விடியலிலும் பொழுது சாய்ந்தும்தான். தின்றது செரிக்கும்போதும் உடம்பில் சூடு ஏறும்.

எந்த மாசம் அடை வைப்பது என்பதில்தான் வீடே இரண்டாகப் பிரிந்தது. லீவு இருக்கிறதென்று மே மாதம் வைக்கலாமா என்றேன். அம்மாயி விடவில்லை. "வெய்யக்காலத்துல வெச்சா பாதி கூமுட்டையாப் போயிருஞ் சாமி." ஐப்பசி என்றால் அடைமழை, தரை ஈரம். மார்கழி என்றால் பனி. வேடிக்கை பாருங்கள், வளர்ந்த கோழியைச் சாய்க்கிற அந்தச் சூடு பிறந்த குஞ்சுக்குத் தேவைப்படுகிறது! முதல் வாரம் அதற்கு 35 டிகிரி வேண்டும், தாய்க்கோழியின் இறக்கைக்குள் அது கிடைத்துவிடும். கடைசியில் தை என்று முடிவானது. 21 நாளில் பொரித்தால், சித்திரை வருவதற்குள் இறகு முளைத்துவிடும்.

வெள்ளைக்கழிச்சல் வந்தால் ஒரே வாரத்தில் கூடு காலி. அதற்கு வைத்தியம் கிடையாது, தடுப்பு மருந்துதான். ஏழாம் நாள் கண்ணிலும் மூக்கிலும் சொட்டு மருந்து, எட்டாவது வாரம் இறக்கையில் ஊசி. நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரி கோழிப்பண்ணையாளர்களுக்காகவே வானிலை அறிவிப்பு தருகிறது. பேப்பரில் வரும். அப்பா டீக்கடையில் யாரையாவது படிக்கச் சொல்லிக் கேட்டுவிட்டு வந்து என்னிடம் ஒப்பிக்கிறார்.

இரண்டு பெட்டை, ஒரு சேவல் வாங்கி, பெட்டைக்குப் பன்னிரண்டு முட்டை வைப்போம். குஞ்சுக்குக் கரையான் பிடிக்க அம்மாயி ஓட்டைப்பானையும் கிழிந்த சாக்கும் இப்போதே எடுத்து வைத்துவிட்டார்கள். பருந்துக்கும் கீரிக்கும் போக, சேவல்களை விற்றது போக, எத்தனை பெட்டை மிஞ்சுமோ! பத்து எட்டாமல் ஏழெட்டு நின்றாலும் போதும் என்கிறார்கள் அம்மா.

நாட்டுக்கோழி முட்டைக்கு வர ஆறு மாசம் ஆகும். ஆடி, ஆவணி வாக்கில் முதல் முட்டை. அதுவரை ஞாயிற்றுக்கிழமைகளில் லாரி பாடி கட்டும் பட்டறைக்கு நான் போகிறேன்.