மணலில் போட்ட வட்டம்

சென்ற பௌர்ணமியன்று பேத்தியுடன் கோவளம் கடற்கரைக்குப் போயிருந்தேன். கடலிலிருந்து சந்திரன் செம்பொன் தட்டாக எழும்பிற்று.

"தாத்தா, சந்திரன் போகும் வழி எப்படி இருக்கும்?" என்றாள் குழந்தை.

ஓய்வு பெற்ற உபாத்தியாயருக்கு வேறென்ன வேண்டும்! "பூமியிலிருந்து பார்த்தால், சற்றே நீண்ட வட்டம். சூரியனிலிருந்து பார்த்தால், சிக்குக் கோலம் போலச் சுழி சுழியாக இருக்கும்" என்று மணலில் வரைந்து காட்டினேன். முப்பது வருஷம் கரும்பலகையில் போட்ட படம் அல்லவா?

"அளவு சரிதானா, தாத்தா?"

அளவு! அதை நான் ஒரு நாளும் யோசித்ததில்லை. சூரியன் நமக்கு 15 கோடி கிலோமீட்டர் தூரம். சந்திரனோ சுமார் 3,84,000 கிலோமீட்டர்தான். ஏறத்தாழ 390-ல் ஒரு பங்கு. மீனவர் ஒருவரிடம் கயிறு வாங்கி, நான்கு மீட்டர் ஆரத்தில் வட்டம் போட்டோம். அது பூமியின் பாதை. அந்தக் கோட்டைவிட்டுச் சந்திரன் இருபுறமும் சுண்டுவிரல் அகலம்கூட விலக இடமில்லை!

சுழி போடவேண்டுமானால் சந்திரன் பின்னோக்கித் திரும்பவேண்டும். பூமியோ வினாடிக்கு 30 கிலோமீட்டர் வேகத்தில் ஓடுகிறது. சந்திரன் அதைச் சுற்றும் வேகம் ஒரே கிலோமீட்டர். எப்படித் திரும்பும்? அன்றியும், பூமியைக் காட்டிலும் இரு மடங்குக்கு மேலாகச் சூரியன் சந்திரனை இழுக்கிறது. ஆதலால், அமாவாசையன்றுகூட அதன் பாதை சூரியன் பக்கமாகவே வளைகிறது.

"அப்படியானால் முதலில் போட்ட படம்?"

"தப்பு, அம்மா" என்றேன்.

என் பழைய மாணாக்கர் யாரேனும் இதைப் படிக்க நேர்ந்தால், தயவுசெய்து நோட்டுப் புத்தகத்தில் திருத்திக் கொள்ளட்டும்.